கொத்தனாரைக் கூட்டிவரப் போனவன்

ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன். போன வாரம் வரைக்கும் யாரிடமும் "எவ்வளவு?" என்று கேட்டதில்லை. மீன்காரம்மா கூடையை இறக்கினால் கையிலிருக்கும் நோட்டை நீட்டுவேன். அவர் தருகிற மீனையும் சில்லறையையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடுவேன். மீன் அழுகலா, சில்லறை சரியா என்று பார்ப்பதெல்லாம் என் மனைவி பிலோமினாவின் இலாகா. முடி வெட்டுகிற கடையில் "போதும்" என்று சொல்ல வாய் வராமல் இரண்டு முறை மொட்டைக்குப் பக்கத்தில் போய்த் திரும்பியிருக்கிறேன். (ஒரு வாட்டி, வேளாங்கண்ணிக்கு வேண்டுதல்னு சொல்லிச் சமாளிச்சேன்.)

இதைக் கூச்சம் என்று சிலர் சொல்வார்கள். அடக்கம் என்று என் அம்மா சொல்வார். பிலோமினா வேறொரு பெயர் வைத்திருக்கிறாள். அதை இங்கே எழுத முடியாது.

எனக்கு வாய்த்த வேலையும் அப்படி. மரக்காணம் உப்பளத்தில் நான் இன்ஜின்காரன். பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் ஏற்றுகிற டீசல் இன்ஜினை ஓட்ட வேண்டும், நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். அது ஓடும்போது யார் என்ன பேசினாலும் காதில் விழாது. நிற்கும்போது ஒரு ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தால் பேச வருகிறவர்களும் திரும்பிப் போய்விடுவார்கள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு, அதுவும் என்னைப் போன்றவனுக்கு, இதைவிட நல்ல உத்தியோகம் உலகத்தில் கிடையாது.

இப்படிப்பட்டவனுக்கும் ஒரு மகள் பிறந்து, நர்சு படிப்பு முடித்து, கல்யாண வயதுக்கு வந்துவிட்டாள். பெயர் ஜெசிந்தா. பாண்டிச்சேரியிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா அமலதாஸ், மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இருநூறு பேரை வேலை வாங்கியவர். அவர் எதிரில் உட்கார்ந்து நான் என்ன பேசுவது? அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று காலையிலேயே நான் உப்பளத்துக்குப் போய்விட்டேன். "இன்ஜின் ரிப்பேரு" என்று பிலோமினா சொல்லிச் சமாளித்தாள். இரண்டாவது முறை வந்தார்கள். அன்றைக்கும் இன்ஜின் ரிப்பேர். உண்மையில் அது ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. தேவையில்லாமல் அதை ஓட்டி, பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். (அன்னைக்கு நாலு பாத்தி ரொம்பி வழிஞ்சு முதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக் கதை.)

அமலதாஸின் மனைவி திரும்பிப் போகும்போது, "பொண்ணு வீட்டுல ஆம்பளைன்னு ஒருத்தர் இருக்காரா, இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம். பிலோமினா அதை என்னிடம் சொல்லிவிட்டு, "மூணாவது வாட்டியும் இன்ஜின் ரிப்பேருன்னா இந்தச் சம்பந்தம் அவ்ளோதான்" என்றாள். அந்தப் பையனின் போட்டோவை ஜெசிந்தா தன் பைபிளுக்குள் வைத்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நிச்சயதார்த்தத்தைப் பாண்டிச்சேரியில், பிலோமினாவின் அக்கா லூர்துமேரி வீட்டில் வைத்துக்கொள்வதாக முடிவானது. அக்கா புருஷனை இழந்தவர், தனியாக இருக்கிறார். பழைய டவுனில் முற்றம் வைத்த வீடு. தேக்குத் தூண், மெட்ராஸ் ஒட்டுக் கூரை, பிரெஞ்சுக்காரன் காலத்துச் சுண்ணாம்புச் சுவர். தெருவில் போகிற வெள்ளைக்காரர்கள் நின்று போட்டோ எடுப்பார்கள். ஆனால் உள்ளே போனால் கூடத்துச் சுவரில் பாதிப் பூச்சு விழுந்து, செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு முன்னால் மகளை உட்கார வைத்து மாலை போட முடியுமா?

அக்கா ஒரு மேஸ்திரியை அழைத்துக் காட்டினார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்து, முப்பத்தெட்டாயிரம் என்றார்.

பிலோமினா போனிலேயே கத்தினாள். "முப்பத்தெட்டாயிரமா? சுண்ணாம்பு பூசறானா, தங்கம் பூசறானா? அக்கா, அவன் வேணாம். காலையில முக்குல ஆளுங்க வேலைக்கு நிப்பாங்க இல்ல? நேரா போய் ஒரு கொத்தனாரையும் நாலு ஆளையும் கூட்டிக்கிட்டா, நடுவுல மேஸ்திரி அடிக்கறது நமக்கு மிச்சம்."

"யாருடி போறது?" என்றார் அக்கா.

"இவர்தான்."

போனில் அக்கா சிரித்தது கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததை இருவரும் மறந்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பு என்னை உசுப்பிவிட்டது. போகிறேன் என்றேன். பிலோமினா மூன்று கேள்விகளை மனப்பாடம் செய்ய வைத்தாள். நீ கொத்தனாரா? ஒரு நாளைக்கு எவ்வளவு? சாயங்காலம் எத்தனை மணி வரைக்கும்? மூன்றே கேள்வி. மூன்றாவதற்கு அவன் பதில் சொன்னதும், "சரி, ஏறு ஆட்டோவில" என்று சொல்ல வேண்டும்.

காலையில் வெள்ளைச் சட்டையை எடுத்தேன். பிடுங்கி வைத்துவிட்டாள். "நல்ல சட்டையைப் பாத்தா ரேட்டை ஏத்திடுவானுங்க. பழசைப் போடுங்க." உப்பளத்துக்குப் போடுகிற சட்டையையும் கைலியையும் கொடுத்தாள். தோளில் ஒரு துண்டு. மத்தியானச் சோற்றைத் தூக்குவாளியில் போட்டு ஒயர் கூடையில் வைத்தாள். "நீங்க ஓட்டலுக்குப் போனீங்கன்னா ஆளுங்களும் போயிடுவாங்க. அங்கியே சாப்பிடுங்க."

எனக்கு நடந்ததில் சரிபாதிப் பங்கு பிலோமினாவுக்கு உண்டு என்பதற்காகத்தான் இதையெல்லாம் விவரமாகச் சொல்கிறேன்.

முதல் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கேள்விகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கூனிமேடு வரும்போது மூன்றும் தண்ணீராக வந்தன. கோட்டக்குப்பம் தாண்டும்போது இரண்டுதான் இருந்தன. பாண்டிச்சேரியில் இறங்கி முக்குக்கு நடந்து போனபோது, கையில் இருந்தது ஒயர் கூடை மட்டும்தான்.

முக்கில் எழுபது எண்பது பேர் நின்றார்கள். கொத்தனார்கள் ஒரு பக்கம், பையில் கரணையின் பிடி வெளியே தெரிய. மண் வெட்ட, சுமை தூக்க வந்த பெரியாள்கள் ஒரு பக்கம். சித்தாள் பெண்கள் டீக்கடைக்கு எதிரில். எல்லார் கையிலும் தூக்குவாளி, எல்லார் தோளிலும் துண்டு. வேலைக்கு ஆள் தேடி வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி, காலைக்கூடக் கீழே வைக்காமல், "ரெண்டு ஆளு, பூச்சு வேலை, எவ்ளோ?" என்று கேட்டார்கள். எவ்வளவு இலகுவாகக் கேட்டார்கள்! அவர்களைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

நான் கொஞ்சம் தைரியம் வரட்டும் என்று ஓரமாக நின்றேன். தூக்குவாளியும் துண்டுமாக, கறுத்துப் போன முகத்தோடு, வெடித்த காலோடு, பெரியாள்கள் நின்ற வரிசையின் கடைசியில் நின்றேன். அந்த வரிசையில் நின்றால் என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. முன்னாலிருந்து ஒரு மேஸ்திரி இறங்கினார். கட்டை மீசை, காதில் பென்சில். விரலை நீட்டி நீட்டி, "நீ வா. நீ வா. அஞ்சலை, நீயும் உன் தங்கச்சியும் ஏறுங்க" என்றவர், என்னிடம் வந்து நின்றார்.

"ஏம்பா, கொத்தனாரா, பெரியாளா?"

நான் கேட்க வேண்டிய முதல் கேள்வியை அவர் கேட்டுவிட்டார். இல்லீங்க, நான் ஆள் கூட்டிக்கிட்டுப் போக வந்தவன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"பெரியாளுங்க" என்றேன்.

இன்றைக்கும் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

"இந்தா, இதைப் பிடி" என்று ஒரு மம்பட்டியைக் கையில் கொடுத்தார். நானும் வாங்கிவிட்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அளத்தில் ஒரு வழக்கம். காலையில் கூடையோ, உப்பு வாருகிற பலகையோ, எதைக் கையில் வாங்கினாலும் அன்றைய வேலைக்கு ஒப்புக்கொண்டதாக அர்த்தம். வாங்கிவிட்டுப் பாதியில் போனவனை மறுநாள் எந்தக் கூட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கக்கூட யோசிப்பார்கள். இது பாண்டிச்சேரியாயிற்றே, இங்கே யாருக்கு அது தெரியும் என்று வேறொருவன் நினைத்திருப்பான். என் கைக்கு அது தெரியவில்லை. மம்பட்டியோடு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

சரி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கொத்தனார்தானே, இவரிடம் பேசி நாளைக்கு அக்கா வீட்டுக்கு அழைத்துக்கொண்டால் போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவர் பெயர் கலியமூர்த்தி. வண்டி நான்கு தெரு திரும்பியது. ஐந்தாவது திருப்பத்தில் தலையை நீட்டிப் பார்த்தேன். தெரிந்த தெரு. தெரிந்த பச்சைக் கதவு. வண்டி லூர்துமேரி அக்கா வீட்டு வாசலில் நின்றது.

நடந்தது இதுதான். அக்காவுக்கு என் மேல் இருந்த நம்பிக்கையில், முதல் நாள் ராத்திரியே அதே மேஸ்திரிக்குப் போன் போட்டு, முப்பத்தெட்டுக்கே ஒத்துக்கொண்டுவிட்டார். மேஸ்திரி ஆள் எடுக்க அதே முக்குக்கு வந்தார். நான் அங்கே நின்றேன்.

முதலில் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். கொத்தனார், ஆட்கள், சரியான வீடு, எல்லாவற்றையும் அவரே கூட்டிச் சேர்த்துவிட்டார். இறங்கி அக்காவிடம் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று ஒரு காலைக் கீழே வைத்தேன். அப்போது அக்கா வாசலில் நின்று மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"என் தங்கச்சி வீட்டுக்காரரை நம்பியிருந்தா, அவரு ஒரு கொத்தனார்கிட்டப் பேசறதுக்குள்ள இந்தப் பொண்ணுக்குப் பொறக்கற புள்ளைக்கும் கல்யாணம் ஆயிடும்பா. நீ ஆரம்பி."

வைத்த காலை எடுக்கவும் முடியவில்லை, மற்ற காலை வைக்கவும் முடியவில்லை. பழைய பூச்சைச் சுரண்டினால் தூசி பறக்கும் என்று கலியமூர்த்தி துண்டை மூக்கோடு சேர்த்து முகத்தில் கட்டினார். நானும் கட்டினேன். கண்ணுக்கு மட்டும் வழி விட்டு, நன்றாக இறுக்கிக் கட்டினேன்.

"எல்லாரும் எந்த ஊரு ஆளுங்கப்பா? நகை நட்டு இருக்கற வீடு" என்றார் அக்கா.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "உனக்கு எந்த ஊரு?"

"கிளியனூருங்க" என்றேன். (கிளியனூர்ல எனக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது.)

அக்கா என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, மம்பட்டியைப் பார்த்தார். கையில் மம்பட்டி இருப்பவனின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது. அக்கா கோயிலில் ஏதோ கூட்டம் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

சுவரைச் சுரண்ட ஆரம்பித்தோம். சுத்தியலால் அடித்துத் தள்ளினால் பத்து நிமிஷ வேலை என்று நினைத்து ஓங்கினேன். கலியமூர்த்தி கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, அண்ணே! இதுவும் பக்கத்து வீடும் ஒரே சுவரு. இங்க ஒரு அடி அடிச்சா அந்த வீட்டுல சாமி படம் விழும். கையால சுரண்டு."

சுரண்டினேன். ஒன்பது மணிக்குத் தோள் விட்டுப் போயிற்று. விழுந்த குப்பையை ஏன் வாசலில் குவிக்கக் கூடாது என்று கேட்டேன். இந்தத் தெருவுக்குள் பகலில் லாரி வராது, மூட்டை கட்டி முக்குவரை தூக்கிக்கொண்டு போய் வண்டியில் போட வேண்டும் என்றார். யார் தூக்குவது? பெரியாள்தான். இரண்டு பெரியாள்களில் ஒருவன் நான். இருபத்தாறு மூட்டை. பதினோராவது மூட்டையிலேயே எனக்கு முப்பத்தெட்டாயிரத்தின் கணக்கு புரிய ஆரம்பித்துவிட்டது.

மூட்டைக்கு நடுவில் கலியமூர்த்தி மீதியையும் சொன்னார். இந்தச் சுவருக்கு சிமெண்டு ஆகாதாம். பூசினால் இரண்டு மழைக்குச் சுவரையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழுமாம். சுண்ணாம்புதான் வேண்டும், அதுவும் பத்து நாள் தொட்டியில் ஊறிய சுண்ணாம்பு, மேஸ்திரி எப்போதும் ஊறப்போட்டுத் தயாராக வைத்திருப்பது. பூசின பிறகும் தினம் வந்து தண்ணீர் தெளிக்க வேண்டும். மேஸ்திரி கொத்தனாருக்கு ஆயிரம் கொடுத்து வீட்டுக்காரரிடம் ஆயிரத்து முந்நூறு வாங்குவார். பெரியாளுக்கு எழுநூறு கொடுத்துத் தொள்ளாயிரம்.

"அப்ப நம்ம தலைக்கு இருநூறு அடிக்கறாரா?" என்றேன். பிலோமினா என் வாயில் புகுந்துகொண்டு கேட்ட மாதிரி இருந்தது.

"அடிப்பாருதான். ஐப்பசி, கார்த்திகையில மழை புடிச்சுக்கிட்டு வேலையே இல்லாம உக்காந்திருக்கறப்ப அவருதான் அட்வான்ஸ் குடுப்பாரு. அதையும் பாக்கணும் இல்ல?"

காலையில் பஸ் ஏறும்போது கூலி அநியாயத்துக்கு அதிகம் என்று நினைத்தேன். பத்தரை மணிக்குக் கூலி அநியாயத்துக்குக் கம்மி என்று தோன்றியது. நாலு மணி நேரத்தில் முதலாளியாக இருந்து தொழிலாளியாக மாறி, யூனியன் ஆரம்பிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துச் சேவல் கூவியது. என் செல்போன்தான். இன்ஜின் சத்தத்திலும் காதில் விழ வேண்டும் என்று ஜெசிந்தா சேவல் கூவுகிற சத்தத்தை வைத்துக் கொடுத்திருந்தாள். "யாரு வீட்டுக் கோழி உள்ள வந்துடுச்சு?" என்று அஞ்சலை சுற்றிப் பார்த்தாள். நான் முற்றத்தின் மூலைக்குப் போய் எடுத்தேன்.

பிலோமினா. "ஏங்க, அக்காவே அந்த மேஸ்திரியைச் சொல்லிட்டாங்களாம். இப்பதான் போன் பண்ணாங்க. நீங்க முக்குல நிக்காதீங்க, நேரா அக்கா வீட்டுக்குப் போங்க."

"அங்கதான் இருக்கேன்."

"அதுக்குள்ள போயிட்டீங்களா? பரவாயில்லையே! வேலை நடக்குதா?"

"நடக்குது."

"பக்கத்துலயே நில்லுங்க. யாரையும் உக்கார விடாதீங்க."

"உக்கார விடல" என்றேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

பிறகு கலவை போடுகிற வேலை வந்தது. மணலையும் சுண்ணாம்பையும் புரட்டிப் புரட்டிக் குவிக்க வேண்டும். இதில்தான் நான் கொஞ்சம் கெத்து காட்டினேன். முப்பது வருஷம் உப்பளத்தில் இருந்தவனுக்குக் குவிக்கச் சொல்லியா தர வேண்டும்? உப்பு அம்பாரம் மாதிரியே, நாலு பக்கமும் சரிவாக, உச்சியில் கூர் வைத்து, மம்பட்டியின் முதுகால் தட்டி வழுவழுப்பாக்கி வைத்தேன்.

கலியமூர்த்தி வந்து பார்த்தார். "என்னாண்ணே இது? இதைக் கலைக்கணுமா, கும்பிடணுமா?" அஞ்சலையும் அவள் தங்கச்சியும் சிரித்துச் சட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. பிலோமினா காட்டிய குடும்பப் போட்டோவில் பார்த்த முகம். மாப்பிள்ளையின் அப்பா அமலதாஸ்.

என் கால் தானாக ஓடப் பார்த்தது. ஆனால் ஓடுவதற்கு இங்கே இன்ஜின் இல்லை. துண்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன்.

"லூர்தம்மா இல்லீங்களா? கூடத்துல எத்தனை சேர் போடலாம்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றவர், ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்து என் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துவிட்டார். சும்மா இருக்க முடியாதவர் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"என்னப்பா, எந்த ஊரு?"

"மரக்காணம்ங்க." உண்மை முந்திக்கொண்டு வந்துவிட்டது.

அஞ்சலை தலையைத் தூக்கினாள். "கிளியனூருன்னு சொன்ன?"

"ரெண்டுக்கும் நடுவுல" என்றேன்.

அமலதாஸ் அதையெல்லாம் கவனிக்கவில்லை. சேரை இன்னும் கிட்டே இழுத்தார். "மரக்காணமா? நாங்க அங்கதான்பா பொண்ணு எடுக்கறோம். உப்பளத்துல இன்ஜின் ஓட்டறாரு, சவரிமுத்துன்னு. தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றேன். அது அதிகப்படியாகப் பட்டது. "பாத்திருக்கேன்."

"ஆளு எப்படி?"

என்ன சொல்வது? "மோசமில்லீங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "ரெண்டு வாட்டி அவங்க வீட்டுக்குப் போனேம்பா. ரெண்டு வாட்டியும் ஆளு இல்ல. எனக்கென்னவோ, நம்மளை மதிக்கலையோன்னு இருக்குது. திமிரு புடிச்ச ஆளோ? என் வீட்டுக்காரி இன்னொரு இடத்தைக்கூடப் பாத்து வச்சிருக்கா. பொண்ணு தங்கமான பொண்ணு, அதனாலதான் நான் நிச்சயத்தை நிறுத்தாம இருக்கேன்."

பைபிளுக்குள் இருந்த போட்டோ என் கண் முன்னால் வந்தது. சட்டியில் கலவையை அள்ளிக்கொண்டே பேச ஆரம்பித்தேன். முகத்தில் துண்டு இருந்தது. பேசுகிறவன் நான் இல்லை, கிளியனூருக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் இருக்கிற எவனோ ஒருவன்.

"திமிரு இல்லீங்க. அவரு பயந்துக்கிட்டு இருக்காரு."

"யாருக்கு? எனக்கா?"

"உங்களுக்குத்தாங்க. நீங்க இருநூறு பேரை வேலை வாங்கினவரு. அவரு அஞ்சாவது படிச்சவரு. உங்க முன்னால உக்காந்து காபி டம்ளரைப் புடிச்சா கை நடுங்கும், நீங்க பாத்துடுவீங்கன்னு இன்ஜின்கிட்டப் போய் உக்காந்துட்டாரு. ரெண்டு நாளும் இன்ஜின் நல்லாத்தாங்க ஓடுச்சு."

"அட!"

"அவருக்கு உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ங்க. அந்தப் பொண்ணு காலையில எழுந்ததும் அரை மணி நேரம் யாருகிட்டயும் பேசாது. அப்பா மாதிரியே. அதைக் கோவம்னு யாரும் நெனச்சுக்காம இருக்கணும். அதைத்தாங்க கேக்கணும். கேக்கத்தான் வாய் வரல."

என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. நான் கலவைச் சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அக்கா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அமலதாஸைப் பார்த்ததும் பதறிப் போனார். "அய்யோ, வாங்க வாங்க! எவ்ளோ நேரமா உக்காந்திருக்கீங்க? பொண்ணோட அப்பா இங்க நின்னு வேலையைப் பாத்துக்கறாருன்னு என் தங்கச்சி இப்பதானே சொன்னா? எங்க காணோம் அவரை?"

அமலதாஸின் முகம் மாறியது. "இன்னைக்கும் இன்ஜின் ரிப்பேரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா முகம் சிவந்து, செல்போனை எடுத்து, எண்ணை அழுத்தினார்.

சேவல் கூவியது. என் இடுப்பில்.

எல்லாரும் திரும்பினார்கள். நான் அசையவில்லை. தலையில் சட்டி, இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன், போனை எப்படி நிறுத்துவது? அது மூச்சு விடாமல் கூவிக்கொண்டே இருந்தது. பைபிளில் சீடர் இராயப்பர் மூன்று முறை ஆண்டவரைத் தெரியாது என்று சொன்ன பிறகுதான் சேவல் கூவியது. நானும் காலையிலிருந்து மூன்று முறைதான் சொல்லியிருந்தேன். மேஸ்திரியிடம், அக்காவிடம், சம்பந்தியிடம். அவர் ஆண்டவரைத் தெரியாது என்றார். நான் என்னையே.

அக்கா கிட்டே வந்து என் முகத்துத் துண்டைக் கீழே இழுத்தார். "மாதாவே! தம்பி, நீங்களா?"

நான் அமலதாஸைப் பார்த்தேன். அவர் சேரிலிருந்து எழுந்துவிட்டார். இதோ போகப் போகிறார் என்று நினைத்தேன். சட்டியோடு நின்ற என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தார்.

"நீங்க சொன்ன ஆளு நீங்கதானா?"

"ஆமாங்க."

"கை நடுங்கும்னீங்க? நடுங்கலையே."

"சட்டி இருக்குதுங்க. பாரம் இருந்தா நடுங்காது."

அவர் முதலில் மூக்கால் சிரித்தார். பிறகு வாயால். பிறகு சேரில் உட்கார்ந்து, பையிலிருந்த பேனா கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார். அதற்கப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் வந்து சொன்னார். "சம்பந்தி, எங்க வீட்டுல காலையில ஒம்பது மணி வரைக்கும் எவனும் எவன்கிட்டயும் பேச மாட்டான். உங்க பொண்ணுக்கு ஒரு குறையும் இருக்காது."

அக்கா மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டார். "யோவ், பொண்ணோட அப்பாவைப் போய்ச் சட்டி தூக்க வச்சிருக்கியே, உனக்குக் கண்ணு இல்ல?"

"நான் கூப்புட்டேன், அவரு ஏறினாரும்மா! அவரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...?" மேஸ்திரி அழாத குறை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். அந்த ஒரு வார்த்தைக்குத்தானே நான் ஐம்பது வருஷமாக முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

"இறக்குங்க தம்பி, போதும்" என்றார் அக்கா.

"இல்லக்கா. மம்பட்டியைக் கையில வாங்கிட்டேன். சாயங்காலம் வரைக்கும் என் வேலை இருக்குது" என்றேன். யாருக்கும் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. அதுவரை பேசியதிலேயே ஒரு வருஷத்துக்கானது தீர்ந்துவிட்டது. மத்தியானம் முற்றத்தில் உட்கார்ந்து பிலோமினா கட்டிக் கொடுத்த சோற்றைத் தின்றேன். அமலதாஸ் வீட்டுக்குப் போகாமல் என் தூக்குவாளியிலிருந்தே பாதிக் கருவாட்டை எடுத்துச் சாப்பிட்டார். அஞ்சு மணிவரை அந்தச் சேரை விட்டு எழுந்திருக்கவில்லை. சூப்பர்வைசராக இருந்த பழக்கம் போலிருக்கிறது, கலவை ஓரத்தில் கட்டி இருக்கிறது என்று இரண்டு முறை என்னைத் திட்டவும் செய்தார்.

சாயங்காலம் மேஸ்திரி வரிசையாகக் கூலி கொடுத்தார். என் கையிலும் எழுநூறு. போகும்போது, "நாளைக்கும் வாங்களேன், குவிக்கறது நல்லா இருக்குது" என்று காதோடு சொன்னார். என் வேலையைப் பற்றி வெளியூரில் ஒருவர் நல்லபடியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. (மறுநாளும் போனேன். அதுக்கு மறுநாளும் போனேன். வீட்டுல சொல்லாதீங்க, அவங்களுக்குத் தெரியும்.)

அக்காவுக்கு இன்றுவரை ஆறாத விஷயம் ஒன்றுண்டு. தங்கை புருஷனுக்குக் கூலி கொடுத்ததில் அவருக்கு வருத்தமில்லை. அந்தக் கூலிக்கு மேல் மேஸ்திரிக்கு இருநூறு ரூபாய் போனதுதான் வருத்தம். குறைக்கச் சொல்லி அவர் கேட்டுப் பார்த்தார். "ஆளுன்னா ஆளுதாம்மா, சொந்தக்காரரா இருந்தா மூட்டை லேசாவா இருக்கும்?" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அது நியாயம்தான். இருபத்தாறு மூட்டையும் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து எழுநூறையும் பிலோமினாவிடம் நீட்டினேன். அக்கா அதற்குள் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். என்ன சொல்லப் போகிறாளோ என்று நின்றேன். நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எண்ணி வாங்கினீங்களா?"

"இல்ல."

நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. கூடத்துச் சுவர் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. மாலை மாற்றி முடித்ததும் பங்குச் சாமியார், "பொண்ணோட அப்பா ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்று சொல்லிவிட்டார். எழுந்து நின்றேன். நூற்றிருபது பேர். அன்று பஸ்ஸில் நடந்தது போலவே, வார்த்தைகள் எல்லாம் கோட்டக்குப்பத்திலேயே இறங்கிக்கொண்டன. பிலோமினா தலையைக் குனிந்துகொண்டாள், ஜெசிந்தா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முன் வரிசையிலிருந்து அமலதாஸ் எழுந்தார். தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து, கூட்டத்துக்கு நடுவில் என்னை நோக்கி வீசினார்.

"மூஞ்சியில கட்டிக்குங்க சம்பந்தி. வார்த்தை வரும்."

வீடே இடிகிற மாதிரி சிரித்தார்கள். பக்கத்து வீட்டில் சாமி படம் விழுந்ததா தெரியவில்லை. நான் நிஜமாகவே கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டு இரண்டு வார்த்தையும் பேசினேன். என்ன பேசினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. போட்டோவில் பார்த்தால், மகளுக்கும் மருமகனுக்கும் நடுவில் யாரோ ஒரு வழிப்பறிக்காரன் ஆசீர்வாதம் கொடுத்துக்கொண்டு நிற்கிறான்.

அந்தப் போட்டோ இப்போது இரண்டு வீட்டுக் கூடத்திலும் மாட்டியிருக்கிறது. விருந்துக்குப் போய் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால், மருமகனோ சம்பந்தியோ யாராவது ஒருத்தர் உள்ளே போய் ஒரு துண்டைக் கொண்டுவந்து என் மடியில் போடுவார்கள். நானும் மறுப்பதில்லை. போன வாரம் மீன்காரம்மா வந்தபோது பிலோமினா குளித்துக்கொண்டிருந்தாள். வாசலுக்குப் போனேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்குக்கு மேலே இழுத்துக் கட்டினேன்.

"எவ்வளவும்மா?" என்றேன்.

அந்தம்மா கூடையைப் போட்டுவிட்டு நாலு எட்டு பின்னால் போய்விட்டது.